தேர் இருப்புக்கு வரும்வரை

தேர் புறப்படும் வெடி வெடித்தபோது தயாளினி கிணற்றுக்கட்டில் வயிறு பட எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து மோட்டர் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை. அதை நிறுத்திவிட்டு, பைப்பில் என்ன கோளாறு என்று பார்க்கத்தான் குனிந்தாள். வெடிச் சத்தத்தில் உடல் ஒருமுறை துள்ளியது. அந்தத் துள்ளலுக்கே காத்திருந்ததுபோல் கட்டின் மேற்கல் பெயர்ந்தது.

நீருக்கு மேலே வந்தபோது வாயில் பாசியும் இரத்தமும் கலந்திருந்தன. கால் தரையைத் தேடியது. தரை இல்லை. அவளுக்கு நீந்தத் தெரியாது. கைக்கு அகப்பட்ட மோட்டர் பைப்பை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்தாள். பைப் வழுவழுத்தது. மேலே, அது மோட்டரோடு பொருந்தும் இடத்தில், மெல்லக் கிரீச்சிட்டது. வலது கால் முழங்காலுக்குக் கீழே யாருடையதோ போல் தொங்கியது.

கத்தினாள். கேட்க ஆள் இல்லை என்று அவளுக்கே தெரியும். புத்தூரின் அந்த ஒழுங்கையில் இன்று எல்லா வீட்டுக் கேற்றும் பூட்டு. மாதவிலக்கு வந்ததால் அவள் மட்டும் கோயிலுக்குப் போகாமல் நின்றாள். கணவன் நிருஷன் கட்டாரில். கோயில் ஒலிபெருக்கியின் மேளமும் நாதஸ்வரமும் கிணற்றுக்குள் இறங்கும்போது சுவரில் உரசி உரசி உருமாறி, ஏதோ பெரிய மிருகம் உறக்கத்தில் மூச்சு விடுவதுபோல் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தன. நீரின் குளிர் இடுப்பிலிருந்து மேலே ஏறியது. கல்லிடுக்குகளில் ஊறிய பழைய ஈரத்தின் மணம் மூக்கை அடைத்தது.

எவ்வளவு நேரம் கத்தினாளோ. மேலே வட்டமாகத் தெரிந்த வானத்தின் ஓரத்தில் ஒரு தலை முளைத்தது.

வெளிச்சம் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. கறுப்பாக ஒரு தலை. அவ்வளவுதான்.

"ஆரது? என்னைத் தூக்குங்கோ. கால் முறிஞ்சு போச்சு."

தலை அசையவில்லை. அதிலிருந்து ஒரு துளி நீர் விழுந்து அவள் நெற்றியில் பட்டது. இப்போதுதான் முழுகிய தலை. ஈர வேட்டியின் மணமும் சந்தன மணமும் மெல்ல இறங்கின. அது பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு சொல்லும் சொல்லாமல் மறைந்தது.

ஆட்களைக் கூட்டிவரப் போயிருக்கிறார்கள் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது.

உண்மைதான். கூட்டி வந்தார்கள். வட்டத்தைச் சுற்றி ஒவ்வொன்றாகத் தலைகள் முளைத்தன. ஒருவன் கையில் போனின் சிறு வெளிச்சம் அவளை நோக்கி நின்றது. யாரும் அவளிடம் பேசவில்லை.

"உயிர் கிடக்கு." பக்கத்து வீட்டுப் பரமலிங்கத்தின் குரல். கோயில் சபைச் செயலாளர்.

"கிடக்குத்தான். எவ்வளவு நேரத்துக்கு?" இது ஜெயரூபன். தேர்ச் சில்லுக்குக் கட்டை போடுபவன், தேர் முதல் மூலையில் அர்ச்சனைக்கு நின்ற இடைவெளியில் வந்திருந்தான். ஊரில் எந்தக் கிணறு என்றாலும் இறங்கித் துப்புரவாக்குபவனும் அவன்தான்.

"ஜெயரூபன் அண்ணை, இறங்குங்கோ. பைப் கழருது."

அவன் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துத்தான் பேசினான். "இவ துடக்கெல்லோ. அந்தத் தண்ணியிலை இறங்கினால் நான் பிறகு தேரிலை கை வைக்கேலாது. கட்டை போட ஆளில்லாட்டித் தேர் மதிலிலை போய் ஏறும்."

"அப்ப வேறை ஆரும் இறங்கட்டும்."

"நீ இறங்கன்."

"எனக்கு முதுகு நோ."

"காவடி எடுக்கேக்கை நோகேல்லைப் போல," என்றான் போன் வைத்திருந்தவன்.

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கிணற்றுக்குள் விழுந்து, நீரில் பட்டு, அவள் காதருகே மறுபடி சிரித்தது.

"ஆம்புலன்சுக்கு அடிப்பமே?" பரமலிங்கத்தின் மனைவி கனகாம்பிகை கேட்டாள்.

"அடிச்சால் எதாலை வாறது? தேர் வீதியாலைதானே. வடத்தைக் கீழை போடச் சொல்லுறீரோ?" என்றார் பரமலிங்கம்.

"சரி, நாங்களே தூக்குவம்."

"தூக்கேக்கை முடிஞ்சிட்டால்?"

அந்தக் கேள்வியின் பொருள் தயாளினிக்கும் தெரியும். கோயிலைச் சுற்றிய ஒழுங்கைகளில் ஓர் உயிர் போனால், பிணம் சுடலைக்குப் போகும்வரை பூசை இல்லை. சாமி மேலே இருக்க, தேர் நடு வீதியில் நிற்கும். போன வருடம் மேற்கு ஒழுங்கையில் ஒரு கிழவர் தேரன்று விடியப்புறம் இறந்ததை, தேர் முடியும்வரை வீட்டுக்காரர் வெளியே விடவில்லை. நல்ல குடும்பம் என்று ஊரே சொன்னது.

பரமலிங்கத்தின் தலை சற்று முன்னே வந்தது. முதல் தடவையாக அவளிடம் பேசினார்.

"பிள்ளை, இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிரும். தேர் சுத்தி முடிஞ்சு இருப்புக்கு வரட்டும். வந்த கையோடை தூக்கிறம்."

"அங்கிள், அதுவரைக்கும் என்னாலை ஏலாது."

அவர் அதற்குள் மற்றப் பக்கம் திரும்பியிருந்தார். "நாங்கள் ஒருத்தரும் இஞ்சாலை வரேல்லை. விளங்கிச்சோ? கண்டால்தானே சொல்லவேணும்."

தலைகள் குறைந்தன.

"நீ நில்லன்."

"நீ நிப்பாய் எண்டெல்லோ நினைச்சன்."

குரல்கள் வாசல்வரை போயின. கேற் மூடியது.

ஒரு தலை மட்டும் மிச்சம். நேற்றுக்கூட மதிலுக்கு மேலால் கத்தரிக்காய்க் குழம்பு தந்த கனகாம்பிகை.

"அன்ரி."

"நிக்கிறன் பிள்ளை. பயப்பிடாதையும்."

"விறாந்தையிலை கயிறு கிடக்கு. ஒரு நுனியைப் பூவரசிலை கட்டிப்போட்டு மற்றதை விடுங்கோ. நான் பிடிச்சுக்கொண்டு மிதக்கிறன். தூக்கவும் வேண்டாம்."

கனகாம்பிகை யோசித்தாள். யோசிப்பது கீழேவரை தெரிந்தது.

"கயிறு நான் விட்டதெண்டு பிறகு வருமெல்லோ, பிள்ளை. ஒண்டு நடந்தால் எல்லாரும் என்னைத்தான் கேப்பினம்."

"நடக்காது. கெதியாய் விடுங்கோ."

தலை மறைந்தது. செருப்புச் சத்தம் விறாந்தைப் பக்கம் போனது. பைப் ஒரு விரலளவு இறங்கியது. நீர் கழுத்தைத் தாண்டி நாடியைத் தொட்டது. செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. அதன் பின்னால் எதையோ இழுத்துக்கொண்டு வரும் சரசரப்பு. வருகிறாள். கயிறு. தயாளினி ஒரு கையை மேலே நீட்டினாள்.

வானத்தின் ஓரத்தில் நீலமாக ஏதோ ஊர்ந்தது.

கயிறில்லை.

மழைக்கு மூடும் தறப்பாள்.

"அன்ரி. கயிறு."

"வெயில் உச்சியிலை அடிக்குது, பிள்ளை." நீலம் பாதி வானத்தை மூடியது. "சத்தம் போடாதையும். தேர் எங்கடை ஒழுங்கை முகப்புக்கு வருகுது. அங்கை வெளியூர்ச் சனமும் நிக்குது."

முழு வானமும் மூடியது.

மூலைக்கு ஒரு கல். டக். டக். டக். டக்.

இருட்டு. நீல இருட்டு. தன் கை தனக்கே தெரியவில்லை. தன் மூச்சா, வேறு மூச்சா. சுவரெல்லாம் மூச்சு.

மேளம் நெருங்கியது. கிணற்றுச் சுவர் அதிர்ந்தது. தேர்ச் சில்லு மண்ணை அரைக்கும் சத்தம் கல்லுக்குள்ளால் வந்து பல்லில் இறங்கியது. அரோகரா. அரோகரா. மதிலுக்கு அப்பால். அவ்வளவு கிட்ட. அத்தனை பேர்.

தேர் நின்றது. அர்ச்சனைக்காக மேளமும் ஓய்ந்தது.

இப்போது.

நெஞ்சு நிறைய மூச்செடுத்துக் கத்தினாள். சத்தம் தறப்பாளில் முட்டி, அவள் முகத்திலேயே விழுந்தது. மறுபடி கத்தினாள். தண்ணீர் வாய்க்குள் போனது.

வீட்டுக்குள் அவளுடைய போன் அடித்தது.

நிருஷன். இந்த நேரத்தில் வேறு யாரும் அழைக்க மாட்டார்கள். எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப அழைப்பான். பிறகு யாரையாவது அனுப்புவான். அடி. நிற்காதே. அடித்துக்கொண்டே இரு.

செருப்புச் சத்தம் வீட்டுக்குள் போனது. அவசரமில்லாமல்.

போன் நின்றது.

செருப்புச் சத்தம் கிணற்றடிக்குத் திரும்பி வந்தது. பைப் கிரீச்சிட்டது. கழன்றது. மேளம் மறுபடி எழுந்தது. நீர் உதட்டைத் தாண்டி மூக்கைத் தொட்டபோது, தலைக்கு நேர் மேலே, நேற்றுக் குழம்பு தந்தபோது இருந்த அதே அன்பான குரலில் கனகாம்பிகை சொல்வது கேட்டது:

"ஓம் தம்பி, தயாளினி என்னோடைதான் நிக்கிறா. தேர் வருகுதெல்லோ, அவ கதைச்சாலும் உங்களுக்குக் கேக்காது."