அந்தரத்தில் நின்ற முயல்

காலை 9.10. முயல் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது.

வேலியைத் தாண்டக் குதித்த முயல். முன்னங்கால் அந்தப் பக்கம், வால் இந்தப் பக்கம். அதற்கு மேல் படமே இல்லை. ராத்திரி முழுக்க கம்ப்யூட்டர் ஒவ்வொரு காட்சியாக வரைந்து, விடியும்போது முடித்திருக்க வேண்டிய கார்ட்டூன், அறுபத்து மூன்று சதவீதத்தில் செத்துக் கிடந்தது. மாலை ஐந்து மணிக்கு அது குழந்தைகள் சேனலுக்குப் போயாக வேண்டும்.

"தானா நிக்கல மேடம். யாரோ நிறுத்தியிருக்காங்க," என்றாள் ஆபரேட்டர். கடைசி வரியில் அதற்கு அடையாளம் இருந்தது. கன்ட்ரோலையும் சி எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் விழுகிற குறி.

"யாரோன்னா யாரு?" முதலாளியம்மாவின் குரல் உயர்ந்தது. "பூட்டினது நீ. ஒரே சாவி, அதுவும் உன் பையில. இந்த ரூமுக்கு ஜன்னல்கூடக் கிடையாது. சுவத்துக்குள்ள புகுந்து வந்தானா?"

"எனக்கும் அதான் மேடம் புரியல."

"எனக்குப் புரியுது. மத்தியானத்துக்குள்ள விளக்கம் வரணும். இல்லேன்னா பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடு."

அப்போது முதலாளியம்மாவின் கணவர் எட்டிப் பார்த்தார். நேற்றுப் பல் பிடுங்கிய கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. "அடப்பாவமே! முயலா நின்னுபோச்சு?" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வருத்தப்பட்டார். வெளியே போகும்போது விளக்கை அணைத்துவிட்டுப் போனார். உள்ளே இரண்டு பேர் இருட்டில் நின்றார்கள்.

"ஏங்க! நாங்க உள்ளதான் இருக்கோம்!"

"ஸாரி, ஸாரி. கை பாட்டுக்குப் போயிடுது."

முதலாளியம்மா தன் நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

காலை 10.20. நாத்தனார் வந்தாள். கம்பெனி கம்பெனியாகப் போய் அவர்களுடைய கம்ப்யூட்டர்களில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பது அவள் தொழில். வீட்டில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

"என்ன அண்ணி, காரியம் ஆகணும்னாதான் நாத்தனார் ஞாபகம் வருமா?"

"வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதே. முயலைப் பாரு."

பூதக்கண்ணாடி முயலைப் பார்க்கவில்லை. ஆபரேட்டரைப் பார்த்தாள். அழுதிருந்த கண்.

"நேத்து எப்பக் கிளம்பினே?"

"ஆறரைக்கு அக்கா."

"எல்லாத்தையும் மூடிட்டியா?"

"மூடுவேனா? டீமக்ஸ்னு ஒரு புரோகிராம், அதுல அப்படியே விட்டுட்டுப் போனேன். ஒரே திரையில நாலு கட்டம். ஒண்ணுல படம் ஓடும். ஒண்ணுல மெஷின் சூடு. ஒண்ணுல டிஸ்க்ல எவ்வளவு இடம்னு பார்ப்பேன். நாலாவது சும்மா, கை அரிச்சா தட்டறதுக்கு. ஓடறது மாடியில இருக்கற சர்வர்லதான். நான் கிளம்பினாலும் அது பாட்டுக்கு ஓடும். நடுவுல தொடர்பு அறுந்தாலும், அதே காட்சியில மறுபடி ஒட்டிக்கலாம்."

"வேற யாராவது ஒட்டிக்க முடியுமா?"

ஆபரேட்டர் தயங்கினாள். "முடியும். போன மாசம் மேடம் கேட்டாங்கன்னு எல்லார் போன்லயும் நான்தான் வழி பண்ணிக் கொடுத்தேன். பாஸ்வேர்டு எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"நல்லாயிருக்கு. பூட்டு ஒண்ணு, சாவி நாலு பேர்கிட்ட!"

"நான் ஒரு நாளும் அதைத் திறந்ததே இல்ல," என்றாள் முதலாளியம்மா. "ஓவியர் திறந்திருக்கலாம். நேத்து இவகூட ஒரே சண்டை."

ஓவியர் நேராகவே வந்து நின்றார். "சண்டை போட்டேன், ஆமா. இவ படம் ஓட்டினா என் மெஷின் ஆமையா நகருது. அதுக்காக? அது நான் வரைஞ்ச முயல் மேடம். என் புள்ளை கழுத்தை நானே நெரிப்பேனா?"

"உங்க போனைக் காட்டுங்க."

எழுத்துகள் எறும்பு வரிசையாக ஓடின. பூதக்கண்ணாடி கண்ணைச் சுருக்கினாள். "இதைப் படிக்க நான் மறுபடி பொறந்து வரணும்." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆபரேட்டர் பக்கம் திரும்பினாள்.

"கிளம்பும்போது படம் ஓடிச்சுன்னு என்ன சாட்சி?"

"மேடத்துக்கு போட்டோ அனுப்பினேனே! பூட்டிட்டு, வெளியே கண்ணாடிக் கதவு வழியா எடுத்தேன்."

முதலாளியம்மா போனை நீட்டினாள். "பாரு, அறுபத்து ரெண்டு சதவீதம். நின்னது அறுபத்து மூணுல. அதாவது இவ கிளம்பின கொஞ்ச நேரத்துல! இதைவிட என்ன வேணும்?"

பூதக்கண்ணாடி போட்டோவைப் பெரிதாக்கினாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அண்ணி, எல்லாரும் சதவீதத்தைப் பார்த்தீங்க. சுத்தி என்ன இருக்குன்னு யாருமே பார்க்கல. அவ்வளவு பெரிய திரையில நாலு கட்டமும் இடது மூலையில தபால்தலை மாதிரி ஒடுங்கி நிக்குது. மீதி இடம் பூரா வெறும் புள்ளி."

ஆபரேட்டர் எட்டிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ! கதவுக்கு வெளியே நின்னதுல நான் கவனிக்கவே இல்ல."

"கவனிச்சிருந்தா இந்த வழக்கே இல்ல. ஒரே வேலையில ரெண்டு பேர் ஒட்டிக்கிட்டா, ரெண்டு திரையிலயும் ஒரே காட்சிதான் தெரியும். கடைசியா வந்தவர் திரை சின்னதுன்னா, அதுக்குத் தக்கபடி இங்கேயும் சுருங்கிடும். மிச்சத்துக்குப் புள்ளி. இந்தப் பொண்ணு வெளியே நின்னு போட்டோ எடுக்கறப்பவே, உள்ளே வேற ஒருத்தர் இருந்தார். போன் வழியா."

"யாரு?"

"ஓவியர் போனா இருந்தா இவ்வளவு சுருங்காது. எறும்பெழுத்து, வரிக்கு நிறைய கொள்ளும். தபால்தலை அளவுக்கு ஆகணும்னா, எழுத்து ஒவ்வொண்ணும் எலுமிச்சம்பழம் சைஸ்ல இருக்கணும்." வாசல் பக்கம் குரல் கொடுத்தாள். "அண்ணா! கொஞ்சம் வா. உன் போனோட வா."

அண்ணன் வந்தார். மணி பார்ப்பதற்காகப் போனைத் திருப்பினார். திரையை அடைத்துக்கொண்டு நான்கு இலக்கம்.

"கண்ணாடி போட்டுக்கோங்கன்னு எத்தனை வருஷமா சொல்றேன்," என்று முனகினாள் முதலாளியம்மா. பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"அண்ணா, நேத்து பல் டாக்டர்கிட்ட ரொம்ப நேரம் உட்கார வெச்சாங்களா?"

"அதை ஏன் கேக்கறே! பயம் வேற. நம்ம முயல் எவ்வளவு தூரம் போச்சுன்னு பார்த்துட்டே உட்கார்ந்திருந்தேன். மனசுக்கு ஆறுதலா இருந்துச்சு."

"உள்ளே கூப்பிட்டதும்?"

"முறையா மூடிட்டுத்தான் போனேன்," என்றார் பெருமையாக. "கன்ட்ரோல், சி. ஓவியர் ஒரு தடவை அப்படித்தான் மூடினார், பார்த்திருக்கேன். போட்டது போட்டபடி விட்டுட்டுப் போறவன் இல்ல நான்."

ஓவியர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"நீ மூடினது உன் போனை இல்லண்ணா. முயலை," என்றாள் தங்கை. "ஒட்டினதை மட்டும் விடுவிச்சுக்கிட்டு வந்திருந்தா அது பாட்டுக்கு ஓடியிருக்கும். ஆள் உள்ளே இருக்கறப்பவே விளக்கை அணைப்பியே, அதே கை."

வீங்கிய கன்னத்தோடு அவர் முகம் முழுவதுமாகத் தொங்கியது. "நானா? அந்தப் பொண்ணு வேலைக்கு உலை வெச்சது நானா? என்னை மன்னிச்சிடும்மா."

"அவரை விடு, மன்னிப்புக் கேட்க வேண்டியது நான்," என்றாள் முதலாளியம்மா. ஆபரேட்டரின் பையை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "இது இங்கேதான் இருக்கணும். இப்ப சொல்லு, அஞ்சு மணிக்குள்ள முடியுமா?"

"வரைஞ்சது எல்லாம் டிஸ்க்ல பத்திரமா இருக்கு மேடம். விட்ட இடத்துலேருந்து ஓட்டலாம். ஒரு மெஷின் பத்தாது. ஓவியர் சார் மெஷினும் வேணும்."

"எடுத்துக்கோ. இன்னிக்கு ஆமை, முயலுக்கு உதவட்டும்."

அவள் விரல்கள் பறந்தன. ஒரு கட்டத்தில் சர்வர் ஓடியது. கை அரித்தால் தட்டுவதற்கென்று இருந்த நாலாவது கட்டத்துக்கும் வேலை வந்தது, அதில் ஓவியரின் மெஷின்.

மாலை 4.35. நூறு சதவீதம். ஓட்டிப் பார்த்தபோது முயல் வேலியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. அறையில் கைதட்டல். அண்ணன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு வெளியே கிளம்பினார். வாசலில் அவர் கை தானாக ஸ்விட்சை நோக்கி உயர்ந்தது.

"தொடாதீங்க!"

நாலு குரல். ஒரே நேரத்தில்.

அவர் கையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். "ஒட்டினதை மட்டும் விடுவிச்சுக்கிட்டுப் போறேன். போதுமா?" என்று சொல்லிவிட்டு, எரிகிற விளக்கை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தபடியே போனார்.