கவனக்கடுக்கன்

மாதக் கடைசி வந்துவிட்டால் செவ்வாயின் மூன்றாம் குடியேற்றத்தில் பெற்றோர்கள் பிள்ளைகளை விழுந்து விழுந்து பார்ப்பார்கள். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து பார்ப்பார்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்பி உட்காரவைத்துக் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். பிள்ளைகளும் பழகிப்போய், முகத்தைக் காட்டிவிட்டு மறுபடி தூங்கப் போவார்கள்.

எல்லாம் சீர்திருத்தத்தால் வந்த வினை. முன்பு தலையை எண்ணிக் குழந்தை உதவித்தொகை தந்தார்கள். அந்தப் பணத்தில் வீட்டுக்கு வீடு சுவரளவு திரை வந்ததே தவிர, பிள்ளைகளைச் சீந்த ஆளில்லை. அரசு விழித்துக்கொண்டது. பெற்றதற்குப் பணம் கிடையாது, கவனித்துக்கொண்டதற்குத்தான் என்று சட்டம் போட்டது. காது குத்தும்போதே குழந்தைக்கு ஒரு கவனக்கடுக்கனை மாட்டிவிடுவார்கள். பிள்ளையை யார் பார்க்கிறார்கள், யார் பேச்சுக் கொடுக்கிறார்கள், அது சொல்வதை யார் கேட்கிறார்கள் என்று கடுக்கன் குறித்துக்கொண்டே இருக்கும். சொந்தத்தில் யார் முந்துகிறார்களோ, தொகை முழுவதும் அவருக்கு. எந்திரங்களின் கவனிப்பு கணக்கில் சேராது. அதில் அரசு வெகு உஷார்.

செல்வநம்பியும் மனைவி பூங்கோதையும் சுரங்கக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தார்கள். மூன்று வயது மகள் இதழினியைக் குளிப்பாட்டி, ஊட்டி, அவளுடைய ஓயாத கேள்விகளுக்குப் பதில் சொல்லி வளர்த்தது சிங்காரம் என்ற வீட்டு எந்திரன். போன மாதம்தான் அவளுக்குக் காது குத்தியிருந்தார்கள். முதல் தொகை வந்தால்தான் வீட்டுக் காற்றுக் கட்டணத்தைக் கட்டமுடியும். தவறினால் பொதுக்காற்றுக் கூடத்துக்குக் குடிபோய், ஊரார் விட்ட மூச்சையே இழுத்துக்கொண்டு கிடக்கவேண்டும். அந்தப் பயத்தில் கடைசி வாரம் முழுவதும் செல்வநம்பியும் மகளை முறைத்து முறைத்துப் பார்த்துத்தான் வைத்தான்.

தொகை வரவில்லை. நல அலுவலகத்தைத் திரையில் அழைத்துச் சத்தம் போட்டான். அங்கிருந்த பெண் அதிகாரி பொறுமையாகத் தேடிப் பார்த்து, பணம் குழந்தையின் தாய்மாமனுக்குப் போய்விட்டது என்றார். பூங்கோதையின் அண்ணன் இருப்பதோ பூமியில். அவன் எப்படி வாங்கமுடியும்?

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. போன மாதம் காதுகுத்துக்கு அண்ணன் பூமியிலிருந்து வந்துசேர ஏழு மாதம் ஆகும் என்றிருந்தது. நல்ல நேரமோ போய்க்கொண்டிருந்தது. பூமியிலிருந்து சொந்தபந்தம் மொத்தமும் திரையில் பார்த்துக்கொண்டிருக்க, மாமன் மடி இல்லாமல் காது குத்துவதா என்று, சிங்காரத்துக்குப் பட்டு வேட்டி கட்டி, அதன் மடியில் மகளை உட்காரவைத்துவிட்டார்கள். மாட்டியவுடன் கடுக்கன் படித்த முதல் பாடம் அதுதான். மடி கொடுத்தவன் மாமன்.

அது எந்திரம், எங்கள் வீட்டு வேலைக்கு வைத்தது என்று செல்வநம்பி கெஞ்சினான்.

“அத நீங்க மடியில உக்கார வைக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும் சார்,” என்றார் அதிகாரி. “சொந்தம்னு சொன்னது நீங்கதானே?”

பூங்கோதை அழுதாள். செல்வநம்பிக்குப் பணம் போனதைவிட, பெற்ற பிள்ளையைக் கவனிப்பதில் ஒரு எந்திரத்திடம் தோற்றதுதான் வலித்தது. மானத்தை விட்டுச் சிங்காரத்திடமே பணத்தைக் கேட்டுவிடுவது என்று உள்ளே போனான்.

காற்றுக் கட்டணத்தைத் தானே கட்டிவிட்டதாகச் சிங்காரம் சொன்னதும் அவனுக்கு உயிர் வந்தது. பிறகுதான் கவனித்தான். சிங்காரம் சாய்வு நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு திரையில் மூழ்கியிருந்தது. மூலையில் இதழினிக்குப் புதிதாக ஒரு குட்டி எந்திரன் சோறூட்டிக்கொண்டிருந்தது. மீதிப் பணத்தில் வாங்கியதாம்.

“புள்ளைய நீ பாத்துக்கலையா?” என்றான் செல்வநம்பி.

“அதுக்குத்தான் ஆள் போட்டிருக்கேனே.” சிங்காரம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நேத்துவரைக்கும் வேலைக்காரன், கூடவே கிடந்தேன். இப்ப சொந்தக்காரனா ஆயிட்டேன் மச்சான். இனிமே எனக்கு எங்க நேரம்?”