தூக்கப் படி

நீங்க கடைசியா ஒரு ஞாயித்துக்கிழமைய எப்ப பாத்தீங்க? நான் பாத்து பதிமூணு வருஷம் ஆச்சு.

இங்க வடகோடியில, பனி உருகித் தொறந்த துறைமுகத்துல, கப்பல் வந்தாத்தான் வேலை. கப்பல் இல்லாத நாளெல்லாம் கம்பெனி எங்கள உறைபெட்டியில படுக்க வச்சிரும். குளிரூசி போட்டா உடம்பு அப்படியே நின்னுரும். சாப்பாட்டுச் செலவு இல்ல, வாடகை இல்ல, வயசும் கூடாது. படுத்துக் கெடக்கறதுக்கு தூக்கப் படின்னு தனியா காசு வேற. சம்பளம் பூரா வீட்டுக்குப் போயிரும். முழிச்சும் இருக்கலாம், யாரும் தடுக்கல. ஆனா இந்த ஊர் வாடகையும் சாப்பாடும் சம்பளத்த முழுங்கிரும்.

அன்னைக்கு சரக்கு எறக்கி முடிச்சு கேன்டீன்ல உக்காந்திருந்தேன். எதிர்ல சூசை அண்ணாச்சி, எங்க தூத்துக்குடிக்காரர். பெட்டிய விட்டுட்டு ஊருக்குள்ள ரூம் எடுத்தவரு.

"ஏல டார்வின், இங்க வசந்தம்னு ஒண்ணு வருதுல. ரோட்டோரம் பூரா மஞ்சப் பூ."

"பூவ வீட்டுக்கு அனுப்ப முடியுமா அண்ணாச்சி?"

"முடியாது. காசு வரலன்னு எம்மவன் பேசுறதேயில்ல." சிரிச்சாரு. "ஆனா நான் கெழவனாயிட்டு வாரேம்ல. நீ ஊறுகா மாதிரி அப்படியே இருக்க."

அப்புறம் வீட்டுக்குக் கூப்பிட்டேன். திரையில புளோரா வந்தா. நான் கெளம்பும்போது எங்க ரெண்டு பேருக்கும் இருபத்தாறு. மக ஜெனி அப்ப அவ மடியில கொழந்த. எனக்கு இன்னும் இருபத்தேழு ஆகல. அவளுக்கு முப்பத்தஞ்சு, காதோரம் நரச்சிருந்துச்சு.

"வீடு கட்டியாச்சு. நகையத் திருப்பியாச்சு. போதும்ங்க. பேங்க்காரன் உங்க போட்டோவப் பாத்துட்டு, இது உன் தம்பியான்னு எங்கிட்ட கேக்கான்."

நான் சிரிச்சேன். அவ சிரிக்கல.

"இந்தத் தடவ முழிச்சிருங்க. காசு வேண்டாம். வாரா வாரம் ஞாயித்துக்கிழம பேசுங்க, அது போதும். இன்னொரு தடவ படுத்தீங்கன்னா, எந்திரிச்சு எங்களத் தேடாதீங்க."

"படுக்க மாட்டேன் புளோரா. ஞாயித்துக்கிழம கூப்பிடுறேன்."

நெசமாத்தான் சொன்னேன். பெட்டி வேண்டாம்னு சொல்லத்தான் சூப்பர்வைசர்ட்ட போனேன்.

"துறைமுகத்த இடிச்சுப் பெருசாக் கட்டப் போறோம். நாலு வருஷத்துக்குக் கப்பல் கெடையாது," ன்னான். "பழகுன ஆளுங்கள விட முடியாது. இப்ப படுத்தா தூக்கப் படி மூணு மடங்கு."

ஜெனி டாக்டருக்கே படிக்கலாம். புளோரா இனி எதுக்கும் யார்ட்டயும் கையேந்த வேண்டாம். எனக்கு ஒரு ராத்திரிதான? எந்திரிச்சு சமாதானம் பண்ணிக்கலாம். ஒப்பந்தத்துல கட்டவெரல வச்சேன்.

பெட்டி மூடுனப்ப கண்ணாடிக்கு வெளிய அண்ணாச்சி என்னமோ கத்துனாரு. கேக்கல.

எனக்கு மறுநாள் காலை, நாலு வருஷம் முடிஞ்சிருந்துச்சு. மாசா மாசம் அனுப்புன காசு பூரா திரும்பி வந்து என் கணக்குல கெடந்துச்சு. புளோரா நம்பருக்குக் கூப்பிட்டேன், போகல. கப்பல் வந்திருந்துச்சு. வேலைக்குப் போனேன்.