நடுவில் நின்ற சுவிட்ச்

அன்றைக்கு வண்டி விக்கவில்லை.

சுயம்புலிங்கம் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சமையல் கேஸில் கார் ஓட்டுகிறவனுக்கு அந்த விக்கல் தினசரிப் பழக்கம். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சுவிட்ச் இருக்கும். மேலே தள்ளினால் பெட்ரோல், கீழே தள்ளினால் கேஸ், நடுவில் நின்றால் இரண்டுக்கும் அடைப்பு. பெட்ரோலில் கிளப்பி, இன்ஜின் சூடானதும் சுவிட்சை நடுவில் வைக்க வேண்டும். கார்புரேட்டரில் மிச்சமிருக்கிற பெட்ரோல் தீரும்போது வண்டி இரண்டு மூன்று தரம் விக்கும். அந்த விக்கலில் கேஸுக்குத் தள்ளிவிட வேண்டும். தள்ளாமல் விட்டால் அடுத்த அரை நிமிஷத்தில் வண்டி செத்துப்போகும். மம்சாபுரத்தில் அவன் வீட்டிலிருந்து கிளம்பினால் விக்கல் சரியாகத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வரும். இன்றைக்குத் தொட்டி போய், அரிசி மில் போய், ஊரே பின்னால் போய்விட்டது. வண்டி ஒரு சிணுங்கல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

நடுவில் நின்ற சுவிட்சைப் பழக்கத்தில் கேஸுக்குத் தள்ளினான். அவன் நினைப்பெல்லாம் பின் சீட்டில் இருந்தது. அங்கே பரிபூரணத்தின் மடியில் சாய்ந்தபடி அவர்கள் மகள் செல்லக்கனி மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தாள். ஏழு வயதுப் பிள்ளை. ஐப்பசி மழை பிடித்தால் அவளுக்கு இளைப்பும் சேர்ந்தே பிடிக்கும். மத்தியானம் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. உதடு நீலம் பாரித்ததைப் பார்த்த பிறகுதான் புருஷனும் பெண்டாட்டியும் அலறியடித்துக்கொண்டு கிளம்பினார்கள். ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆக்ஸிஜன் வைத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள். போன வருஷமும் அப்படித்தான் பிழைத்தாள்.

விளக்கு வைக்கிற நேரம். ரெண்டு நாளாக விடாத மழையில் கண்மாய் நிறைந்து மறுகால் தண்ணீர் ரோட்டில் பாய, பஸ் வரத்து நின்றுபோயிருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் மாந்தோப்பு இருட்டிக் கிடந்தது. மேற்கே மலை இருந்த இடமே தெரியவில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டிருந்ததால், நனைந்த சேலை ஈரமும் பிள்ளையின் நெஞ்சில் தேய்த்த தைல வாசனையும் வண்டிக்குள் அடைந்து நின்றன. வைப்பர் ‘கர்க், கர்க்’ என்று தேய்த்தது. அதற்கு நடுவே மெல்லிய விசில் மாதிரி செல்லக்கனியின் மூச்சு. கீ… கீ… அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் தகப்பனுக்கு ஒரு தைரியம்.

தைலம் மணக்கிறது, ஈரம் மணக்கிறது. கேஸ் வாடை எங்கே? எத்தனை ஊதுபத்தி கொளுத்தினாலும் அந்த வண்டிக்குள் அழுகின வெங்காய நாற்றம் லேசாக இருக்கத்தான் செய்யும்.

“ஏட்டி, கேஸ் வாடை அடிக்கா?”

“எப்படி அடிக்கும்?” என்றாள் பரிபூரணம். அவள் கண் பிள்ளையை விட்டு நகரவில்லை. “காலையில அடுப்புல கேஸ் தீந்துட்டு. நீங்க டீக்கடைக்குப் போயிருந்திய. பக்கத்து வீட்டு வேல்சாமி அண்ணன்தான் டிக்கியிலேருந்து சிலிண்டரக் கழட்டி அடுப்புக்கு மாட்டிக் குடுத்துச்சு. பெட்ரோல்லதான ஓட்டுதிய?”

சுயம்புலிங்கம் குனிந்து சுவிட்சைப் பார்த்தான்.

பெட்ரோலா? கேஸ் வண்டிக்காரனுக்குப் பெட்ரோல், சாமிக்குக் கற்பூரம் காட்டுகிற மாதிரி. கிளப்புவதற்கு ஒரு சொட்டு இருந்தால் போதும் என்று இருப்பான். நாலு நாளைக்கு முன்னால் அரை லிட்டர் ஊற்றியது. அதில் என்ன மிச்சம் இருக்கப் போகிறது? இருந்தாலும்தான் என்ன, சுவிட்ச் கேஸில் இருக்கிறது. பெட்ரோல் வழி அடைப்பு. டிக்கியில் சிலிண்டரும் இல்லை.

சுவிட்சை நடுவில் வைத்தான்.

மனசுக்குள் எண்ணத் தொடங்கினான். பத்து. இருபது. ஒரு பாலம் போனது. முப்பது. இப்போது விக்க வேண்டும். அறுபது. விக்கவில்லை. புது வண்டியில்கூடக் கேட்காத சீரான ஓசை. ஆனாலும் ஓடுகிற வண்டியை நிறுத்தி ஆராய்ச்சி பண்ணவா முடியும்? எது ஓட்டினால் என்ன, எந்தச் சாமி புண்ணியமோ, ஆஸ்பத்திரி வாசல் வரை போனால் போதும். ஆக்ஸிலேட்டரை மிதித்தான். வண்டி துள்ளிக்கொண்டு பாய்ந்தது.

பின்னால் விசில் சத்தம் தேய்ந்தது.

“கனி… ஏளா கனி…” பரிபூரணம் கன்னத்தைத் தட்டும் சத்தம். “ஏங்க, மூச்சு உள்ள போகவே மாட்டேங்குது.”

பதறிப்போய்க் காலை எடுத்தான். இன்ஜின் தணிந்தது. கீ… என்று விசில் திரும்ப வந்தது.

சுயம்புலிங்கத்தின் கால் ஆக்ஸிலேட்டர் மேல் அந்தரத்தில் நின்றது. தற்செயல்தான் என்று சொல்லிக்கொண்டான். மெல்ல மிதித்தான். விசில் மெலிந்தது. விட்டான். வந்தது. மறுபடியும் மிதித்தான், அப்பன் செய்யக்கூடாத சோதனை என்று தெரிந்தே மிதித்தான்.

நின்றது.

காலை உதறி எடுத்தான். அப்போதுதான் முன் கண்ணாடி கண்ணில் பட்டது. மூன்று பேர் மூச்சு விடுகிற மூடின வண்டி. வெளியே மழை. கண்ணாடி வெள்ளையாய் மூடியிருக்க வேண்டும். நிமிஷத்துக்கு ஒரு தரம் துணியால் துடைக்க வேண்டும். இன்றைக்குத் துணியைத் தொடவே இல்லை. கண்ணாடி கழுவி வைத்தது போல் தெளிவாக இருந்தது. விட்ட மூச்சில் ஒரு துளிகூட அதில் படியவில்லை.

எல்லாம் வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது.

பிரேக்கை மிதித்து வண்டியை ஓரங்கட்டினான். கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியைத் திருகி, உருவிக் கையில் எடுத்துக்கொண்டான்.

இன்ஜின் ஓடியது.

“ஏன் நிப்பாட்டிட்டிய?” பரிபூரணத்தின் குரல் உடைந்திருந்தது. “இன்னும் எம்புட்டுத் தூரம் கிடக்கு. போங்க.”

“செத்த நேரம். இந்தா வாரேன்.”

டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினான். மழை முதுகில் அறைந்தது. பானெட்டைத் தூக்கி முட்டுக்கொடுத்தான். காற்று வடிகட்டியின் மூடியைக் கழற்றினான். கார்புரேட்டரின் வாய் திறந்து கிடந்தது. இரும்பு சுட வேண்டிய நேரத்தில் அதன் விளிம்பில் பனி வெள்ளையாய்ப் பூத்திருந்தது. குனிந்து காதைக் கொடுத்தான்.

கீ… கீ… கீ…

அவன் பிள்ளையின் மூச்சு. ஏழு வருஷமாக ராத்திரி ராத்திரியாக விழித்திருந்து கேட்ட மூச்சு. அந்த ஓட்டைக்குள்ளிருந்து வந்தது.

சாவிக்கு அடங்காத இன்ஜினை நிறுத்த ஒரு வழி உண்டு. கார்புரேட்டர் வாயை உள்ளங்கையால் பொத்தினால் காற்றில்லாமல் எந்த இன்ஜினும் நின்றுவிடும். மெக்கானிக்குகள் எல்லாரும் செய்கிறதுதான். இது நின்றால் பிள்ளை தப்பும். மறுகாலைக் கடந்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவிடலாம். பொத்தினான்.

உள்ளே சின்னதாக ஏதோ துடித்தது. இன்ஜின் தடுமாறியது. கைத்தோலைப் பிடித்து இழுத்தது அந்த வாய்.

“ஏங்க!” வண்டிக்குள்ளிருந்து பரிபூரணம் கதறினாள். “பிள்ள வாய யாரோ பொத்துத மாதிரி துடிக்குது. முகத்துலேருந்து எதையோ பிச்சுப் பிச்சு எடுக்கா. இங்க ஒண்ணுமே இல்லையே!”

கையைப் பிடுங்கினான். தோல் கொஞ்சம் இரும்போடு போனது. இன்ஜின் மீண்டது. பின்னால் பிள்ளை இழுத்து இருமினாள்.

நிறுத்தினாலும் போய்விடுவாள். ஓட்டினாலும் போய்விடுவாள். தூக்கிக்கொண்டு ஓடினாலும் அவள் மூச்சு இந்த ஓட்டைக்குள்தான் கிடக்கும்.

அவன் நின்றான். மழை. யாரும் வரவில்லை. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. இன்ஜின் ஓசை கொஞ்சம் கொஞ்சமாகத் தணிய ஆரம்பித்தது. டுக். டுக். விசிலும் கூடவே தணிந்தது. தீர்ந்துகொண்டிருந்தது. பெட்ரோல் தீருவதை, கேஸ் தீருவதை எத்தனை தரம் கேட்டிருக்கிறான். இதுவும் அதே மாதிரிதான் தீர்ந்தது.

விக்கியது. ஒரு தரம்.

“கனி, அம்மாவப் பாரு. கண்ணத் தொற.”

இரண்டாம் தரம்.

சுயம்புலிங்கத்திடம் கொடுப்பதற்கு வேறு எதுவும் இல்லை. குனிந்தான். பனி பூத்த அந்த வாயில் தன் வாயை வைத்தான். நெஞ்சில் இருந்ததையெல்லாம் ஊதினான்.

இன்ஜின் பிடித்துக்கொண்டது. சீராக. திடமாக.

பின்னால் விசில் நின்றது. அதற்குப் பதில் ஒரு நல்ல மூச்சு. ஆழமாக. அடுத்தது. தங்குதடையில்லாமல் அடுத்தது. அவன் கண்ணில் நீர் வழிந்தது. போதும் சாமி. போதும். தலையைத் தூக்கினான்.

தூக்க முடியவில்லை.

உதடு இரும்போடு ஒட்டிப்போயிருந்தது. கையை ஊன்றித் தள்ளினான். அசையவில்லை. மூக்கு வழியாக இழுத்தான். இழுத்தது நெஞ்சுக்குப் போகவில்லை. வாய் வழியே போனது. இரண்டாவது மூச்சும் போனது. மூன்றாவதை அவன் ஊதவில்லை. அது எடுத்துக்கொண்டது.

“அம்மா,” என்றது பின் சீட்டிலிருந்து ஒரு குரல். எவ்வளவு தெளிவான குரல். “அம்மா, பசிக்கு.”

கியர் விழும் சத்தம் கேட்டது.

முன் சீட்டில் யாரும் இல்லை.

வண்டி நகர்ந்தது. பம்பர் அவன் முழங்காலை முட்டியது. ஒரு அடி பின்னால் வைத்தான். இன்னொரு அடி. முகம் இன்ஜினுக்குள், முதுகு ராஜபாளையத்துப் பக்கம். செருப்பு கழன்று தண்ணீரில் போனது. பின்னோக்கி நடந்தான். வேகமாக. இன்னும் வேகமாக.

“ஏங்க… எங்க இருக்கிய? வண்டி தானா போகுதே… ஏங்க…”

அவளுக்குப் பதில் சொல்ல அவனிடம் மூச்சு இல்லை.

இரண்டாவது கியர் விழுந்தது.