கறுப்புப் பட்டியலில் நாலு மணி

போன் அலறியது!

பிற்பகல் மூன்று இருபது. சர்வர் அறையில் தனியாக இருந்த அவள் எடுத்தாள். அந்த மருந்துக் கம்பெனியின் மெயில் சர்வரைக் கட்டி மேய்ப்பவள். ஆபீஸில் எல்லோருக்கும் அவள் 'தபால்காரம்மா'தான்.

எதிர்முனையில் தங்கையின் கணவன்.

“அக்கா... பக்கத்து வார்டுல ஒருத்தர் செத்துட்டாருக்கா! உங்க கம்பெனி குளுக்கோஸ் ஏத்துன அரை மணி நேரத்துல! இவளுக்கு நாலு மணிக்கு ஆபரேஷன்... அதே பாட்டில்தான் ஏத்தப் போறாங்க!”

“ஐயோ, நிறுத்தச் சொல்லுங்க மாப்பிள்ளை! பதினேழாம் பேட்ச் கெட்டுப்போச்சுன்னு லேப்ல இருந்து காலைலயே மெயில் அனுப்பியாச்சே!”

“ஒரு மெயிலும் வரலியாம்! கம்பெனி எழுத்துல சொல்லாம நிறுத்த மாட்டோம்ங்கறாங்க!”

திரையைத் திறந்தாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு ஆஸ்பத்திரிகள். முந்நூற்றுப் பன்னிரண்டு மெயில்களும் திரும்பி வந்திருந்தன!

'உங்கள் சர்வர் கறுப்புப் பட்டியலில் உள்ளது.'

யாரோ இந்த சர்வரிலிருந்து ஆயிரக்கணக்கில் குப்பை மெயில்களை அனுப்பித் தள்ளியிருக்கிறார்கள். ஊர் உலகமே கதவைச் சாத்திவிட்டது. வேறு முகவரியிலிருந்து அனுப்பினால் போலி என்று தூக்கிப் போடுவார்கள்.

மேனேஜர் வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்.

“என்னம்மா, சும்மா உக்காந்திருக்க? பட்டியல்ல இருந்து எடுக்கச் சொல்லி விண்ணப்பம் போடு!”

“முதல்ல குப்பை எங்கிருந்து போகுதுன்னு கண்டுபிடிக்கணும் சார்.”

“உயிர் போகுதும்மா! அதெல்லாம் அப்புறம்... அழுத்து!”

குப்பையை நிறுத்திவிட்டுக் கேட்டால் பத்து நிமிடத்தில் விடுதலை. நிறுத்தாமல் கேட்டாலோ ஏழு நாள் பூட்டு! அதுதான் அந்தப் பட்டியலின் சட்டம்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆனால் இவர் மூன்று கையெழுத்து இல்லாமல் ஒரு பென்சில்கூட வாங்க விடாதவர். இவருக்கு எதற்கு இத்தனை ஆத்திரம்?

அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

“எச்சரிக்கைக் கடிதத்துல உங்க கையெழுத்தும் முத்திரையும் வேணும் சார். கொண்டாங்க... வந்ததும் அழுத்திடலாம்.”

அவர் போனார். ஆடி அசைந்து போனார்!

அவள் பதிவேட்டைப் புரட்டினாள்.

குப்பை முழுக்க ஒரே மெஷினிலிருந்து... தாள்களை நேரே மெயிலில் அனுப்பும் இரண்டாம் மாடி ஸ்கேனர். மேனேஜர் அறைக்குள் இருக்கும் ஸ்கேனர்! தொடங்கிய நேரம் பத்து நாற்பது. பேட்ச் கெட்டுவிட்டதென்று லேப் அவரிடம் சொன்னது பத்தரைக்கு.

அவள் விரல்கள் கீபோர்டில் பறந்தன.

மூன்று நாற்பத்தைந்துக்கு அவர் திரும்பினார். கையில் கடிதம் இல்லை. கதவை உள்ளே தாழிட்டார்.

“அழுத்திட்டியா?”

“இன்னும்... இல்ல சார்.”

அவளைத் தள்ளிவிட்டு மௌஸைப் பிடுங்கினார். அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார்!

திரை சிவந்தது. 'ஏழு நாள் பூட்டு.'

மேனேஜர் சிரித்தார்.

“அந்தப் பேட்சை சோதிக்காமலே கையெழுத்துப் போட்டவன் நான். பாட்டில் எல்லாம் காலியானா ஆதாரமும் காலி. வாயத் தொறந்தே... விண்ணப்பம் போனது உன் கம்ப்யூட்டர்ல இருந்துதான். ஞாபகம் வெச்சுக்க!”

“உள்ள என் தங்கச்சி இருக்கா சார்...”

“பாவம்.”

போன் அலறியது! ஸ்பீக்கரைத் தட்டினாள்.

“அக்கா! மெயில் வந்துடுச்சு! பாட்டில எடுத்துட்டாங்க! இவ நல்லா இருக்காக்கா!”

அவள் வாய்விட்டு அழுதாள். மேனேஜரின் முகம் வெளுத்தது.

“எ... எப்படி?”

“நீங்க பூட்டுனது, எப்பவோ பட்டியல்ல மாட்டி மூலையில கெடக்கற பழைய சர்வரோட நம்பர் சார்; அதைத்தான் திரையில எழுதி வெச்சிருந்தேன். உங்க ஸ்கேனரை நிறுத்திட்டு, நம்ம சர்வருக்கு அப்பவே விண்ணப்பம் போட்டுட்டேன். விடுதலை கெடச்சதும் காலை மெயில் தானா மறுபடி போற மாதிரியும் வெச்சுட்டேன். 'குப்பைக்குக் காரணம்'னு ஒரு கட்டம் இருந்துச்சு. உங்க பேரை எழுதினேன். எதிர்த்த போலீஸ் ஸ்டேஷனுக்கும் போன்ல சொல்லிட்டேன்.”

கதவு இடிபட்டது.

“போலீஸ்! கதவத் தொறங்க!”

கண்ணைத் துடைத்துக்கொண்டு தாழ்ப்பாளை நீக்கப் போனாள்.

“ஏழு நாள் பூட்டெல்லாம் சர்வருக்குத்தான் சார். உங்களுக்கு எத்தனை வருஷம்னு இவங்க சொல்லுவாங்க!”