இன்னும் பிறக்காத ஃபைல்

"ஐயோ...!"

எதிர்ச்சாரியில் இருந்த காகிதக் குடோனில் கிளம்பிய அலறல், அச்சகத்தின் முன்னறை வரைக்கும் வந்தது.

அக்காவின் குரல்!

மேனேஜர் எழுந்து ஓடினான். எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தான்.

இரும்பு ஏணிக்குக் கீழே அச்சக முதலாளி மல்லாந்து கிடந்தார். மண்டைக்கடியில் ரத்தம்.

'கஞ்சன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றைத் தாராளமாகச் செலவழித்திருக்கிறான்!'

அக்கா புருஷனைப் பார்த்து அவன் நினைத்தது அதுதான். ஏணி உச்சியில் இருந்து தள்ளியவனும் அவன்தான். இனி அச்சகம் அக்காவுக்கு. அக்காவுக்கு என்றால்... தம்பிக்கு!

"அத்தான்...!" என்று கதறினான்.

வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார்.

"உயிர் போனது மதியம் ஒண்ணுல இருந்து ரெண்டுக்குள்ள. நீங்க எங்க இருந்தீங்க?"

"கம்ப்யூட்டர் முன்னாடி மேடம். எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. நான் மட்டும் போஸ்டர் வேலை பார்த்துட்டிருந்தேன். ஃபைல்ல மணி விழுந்திருக்கும் பாருங்க. ஒண்ணு பத்து, ஒண்ணு முப்பது, ஒண்ணு அம்பத்தஞ்சு..."

"வேற யாராவது உங்க மெஷினைத் தொட்டிருந்தா?"

"பாஸ்வேர்டு என் அத்தானுக்கே தெரியாது மேடம்!"

"ஸ்கிரீனைத் தூக்கிட்டு நான் கோர்ட்டுக்குப் போக முடியாது. மணியோட பிரிண்ட் எடுத்துக் குடுங்க."

'காகிதத்தில் இருந்தால்தான் இந்தக் காக்கிக்குப் புரியும் போல!' என்று உள்ளுக்குள் சிரித்தபடி பிரிண்ட் கொடுத்தான்.

கம்ப்யூட்டர் மறுத்தது... மறுபடி கொடுத்தான். மறுபடி மறுத்தது!

அந்த அச்சகத்தில் கம்ப்யூட்டர் மூன்று. முதலாளி அறையில் லினக்ஸ் போட்ட கிழடு. முன்னறையில் விண்டோஸ், பிரிண்டர் அதோடுதான். மேனேஜர் மேசையில் மேக். எது மலிவாகக் கிடைத்ததோ அதை வாங்கிப் போட்டு, ஒரே வயரில் கோத்து வைத்திருந்தார் மனுஷன். இன்டர்நெட் கிடையாது. வைரஸ் வரும் என்று பென்டிரைவ் துளைகளையும் பசை ஊற்றி அடைத்துவிட்டிருந்தார்.

செத்தும் கழுத்தை அறுக்கிறானே!

"ஒரு நிமிஷம் மேடம். நெட்வொர்க் பார்க்கிற ஆளு பக்கத்துத் தெருதான்." மேனேஜரே போன் போட்டான்.

வந்தவனுக்குத் தெருவில் 'வயர்' என்று பெயர். எல்லோரையும் முட்டாளாகப் பார்க்கும் முகம்.

"யாரு கை வச்சது?"

"யோவ், வந்த வேலையைப் பாருய்யா!"

வயர் கேபிளை ஆட்டிப் பார்த்தான். ஒரு மெஷினில் இருந்து இன்னொன்றைக் கூப்பிட்டுப் பார்த்தான். பதில் வந்தது. ஃபயர்வாலை அணைத்தான், போட்டான். ஷேர் ஃபோல்டரின் அனுமதியைப் பார்த்தான். பாஸ்வேர்டை மேனேஜரையே திரும்ப அடிக்கச் சொன்னான்.

மறுப்பு!

"மதியம் பன்னண்டுக்கு உங்க மெஷின்ல இருந்து பிரிண்ட் போயிருக்கு சார். முன்னாடி மெஷின்ல பதிவு இருக்கு. அப்ப ஓடினது இப்ப ஏன் ஓடல?"

"அதுக்குத்தான்யா உன்னைக் கூப்பிட்டேன். என்னைக் கேட்டா?"

வயர் மேக்கின் மூலையைப் பார்த்தான். 4:10. முன்னறை மெஷினும் 4:10.

அமைப்புக்குள் போய்த் தேதி, நேரம் பகுதியைத் திறந்தான். சிரித்தான்.

"ரெண்டு மெஷின் ஒண்ணை ஒண்ணு உள்ள விடும்போது பாஸ்வேர்டோட மணியையும் பார்க்கும் சார். ரொம்ப முன்னப்பின்ன இருந்தா, போலி ஆளுன்னு கதவைச் சாத்திரும். இங்க வெளிய தெரியிறது வெறும் நாலு பத்து. உள்ள பாருங்க... விடியக்காலை நாலு பத்து!"

மேனேஜருக்கு அப்போதுதான் உறைத்தது. மற்றவர்கள் சாப்பிட்டுத் திரும்புவதற்குள், கடிகாரத்தைப் பின்னுக்கு இழுத்து, போஸ்டரை மூன்று தடவை சேமித்து, கடிகாரத்தை மறுபடி முன்னுக்குத் தள்ளிய அவசரம்...

பி.எம். போட மறந்துவிட்டான்!

"பே... பேட்டரி போயிருக்கும்!"

"பேட்டரி செத்தா வருஷக்கணக்குல பின்னாடி ஓடும் சார். அளந்து வச்சு அரை நாள் தள்ளி நிக்காது."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப இந்த மெஷினுக்கு இன்னும் விடியவே இல்ல. போஸ்டர் ஃபைல்ல என்ன மணி?"

"முதல் மணி இன்னைக்கு மதியம் ஒண்ணு பத்து மேடம்" என்றான் வயர்.

"அது பிறக்கவே இன்னும் ஒன்பது மணி நேரம் இருக்கே!"

"யாரு வேணா மணியை மாத்தியிருக்கலாம்!" கத்தினான் மேனேஜர்.

"பாஸ்வேர்டு அத்தானுக்கே தெரியாதுன்னீங்க. அந்த மணியைச் சாட்சிக்குக் கூப்பிட்டதும் நீங்க. அதை ரிப்பேர் பார்க்க ஆள் கூப்பிட்டதும் நீங்கதான்! நான் என்னதான் பண்ணினேன்? சும்மா உட்கார்ந்திருந்தேன்."

வயர் கடிகாரத்தைத் திருத்தினான். உடனே முன்னறையில் பிரிண்டர் உறுமியது. மேனேஜர் அத்தனை தடவை கேட்ட பிரிண்ட், மணியோடு, சுடச்சுட வெளியே வந்தது.

உள்ளறையில் அழுதுகொண்டிருந்த அக்கா வாசலுக்கு வந்தாள். தம்பியின் கையில் விலங்கைப் பார்த்தாள். அழுகை நின்றது. காறித் துப்பினாள்.

கைதுக் குறிப்பு எழுத உட்கார்ந்த இன்ஸ்பெக்டர் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். மேனேஜரும் பார்த்தான்.

"நீங்க சிரமப்படாதீங்க சார்... மணியை நானே போட்டுக்கிறேன்!"