முன்னூறு கிலோ கொக்கி

"வீ...ல்!"

காலை ஏழு மணிக்கு அந்த அலறல் ஆம்ஸ்டர்டாமின் பழைய கால்வாய்த் தெருவையே உலுக்கியது.

அலறியது, நாயோடு நடக்க வந்த ஒரு பெண். எதிரே, 'மூன்று மிளகு மூட்டை' என்று பெயர்கொண்ட வீட்டின் வாசலில் ஓர் ஆண் குப்புறக் கிடந்தான்.

பின்மண்டை பிளந்திருந்தது.

மார்பைச் சுற்றிக் கயிறு. அதன் மறுமுனை மேலே... மேலே போய், நான்காம் மாடி முகட்டில் நீட்டிக்கொண்டிருந்த உத்தரத்தின், சாமான் தூக்கும் இரும்புக் கொக்கி வழியாகப் பரணுக்குள் நுழைந்திருந்தது.

செத்தவன் ரூலஃப். பழைய நகரத்தைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி.

எட்டு மணிக்கெல்லாம் அந்த வீட்டுப் பிள்ளை தேயிஸின் கைகளில் விலங்கு!

"அப்பா... நான் தொடக்கூட இல்லப்பா!"

லாம்பர்ட் வெர்ஸ்தேக் கைத்தடியை ஊன்றி நிமிர்ந்து நின்றார். எழுபத்தாறு வயது. வளைந்து பழகாத முதுகு.

"எம்புள்ள கொலை பண்ண மாட்டான், மேடம்."

"நேத்து காபிக்கடையில ரூலஃப் மூக்கை உடைச்சது யாரு?" என்றாள் இன்ஸ்பெக்டர் நெல்லெகே.

"அவன் என்ன சொன்னான்னு கேட்டீங்களா? 'இந்த வீட்டு முகப்பு 1642-ல கட்டினது இல்ல, எல்லாம் போலி'ன்னு ஊரைக் கூட்டிச் சொன்னான்! எட்டுத் தலைமுறைப் பேரு எங்களோடது."

"அதுக்குத்தான் கொலையா?"

நெல்லெகே மேலே முகட்டைக் காட்டினாள்.

"கதை நேரா இருக்குய்யா. பரண்ல அடிச்சுக் கொன்னிருக்கான். உங்க மாடிப்படியில ஒல்லியான ஆளே ஒருக்களிச்சுத்தான் இறங்கணும். பொணத்தை எப்படித் தூக்கிட்டு வர்றது? அதான் கொக்கியில கயிறு போட்டு இறக்கியிருக்கான். ஆள் வரவும் விட்டுட்டு ஓடிட்டான்."

"எண்பது கிலோவை அந்தக் கொக்கி..."

"தாங்கும்!"

குரல் பக்கத்து வாசலிலிருந்து வந்தது. ஹாரிங்கா. பழைய வீடுகள் சங்கத்தின் ஆய்வாளர். சங்க அலுவலகம் அடுத்த கதவுதான்.

"முன்னூறு கிலோ தாங்கும் மேடம். வருஷா வருஷம் நானே சோதிச்சுக் கையெழுத்துப் போடுறேன். நேத்து சாயங்காலம்கூட ஏறிப் பார்த்தேன்." லாம்பர்ட்டின் பக்கம் திரும்பினான். "மன்னிச்சுக்குங்க பெரியவரே. உண்மையைச் சொல்லித்தானே ஆகணும்..."

லாம்பர்ட் அவனையே பார்த்தார்.

இருபது வருடம்! ஒவ்வொரு செப்டம்பரிலும் ஹாரிங்கா வருவான். முன்னறையில் உட்காருவான். ஒரு குவளை ஜின் குடிப்பான். அங்கேயே கையெழுத்துப் போடுவான். வெர்ஸ்தேக் குடும்பத்திடம் 'மேலே ஏறிப் பார்க்கிறேன்' என்று சொல்வது மரியாதைக் குறைவு. இந்தத் தெருவில் அதுதான் வழக்கம்.

நேற்று மட்டும் குவளையைத் தொடவில்லை.

நேற்று மட்டும்... மாடி ஏறினான். கையில் ஒரு பெரிய பை!

லாம்பர்ட் அண்ணாந்து கொக்கியைப் பார்த்தார்.

பத்து வயதில் அப்பா அவரைப் பரணுக்கு அழைத்துப்போய் அந்த உத்தரத்தைத் தட்டிக் காட்டியிருந்தார். டொக்... டொக்... உள்ளே வெற்றிடம்! "செத்தாலும் வெளியில சொல்லக் கூடாது. இது நம்ம மானம்டா!"

இப்போது அதைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் மகன் போவான்.

போலீஸ் வேனின் கதவு திறந்தது.

"நில்லுங்க!"

தெருவே திரும்பியது. கேமராவோடு கூடியிருந்த வெளியூர்க்காரர்களும்தான்.

"மேடம், அதோ நிக்குற உங்க சைக்கிள் எத்தனை கிலோ?"

"என்னது?"

"கிலோ!"

"இருபது இருக்கும். எதுக்கு?"

"அந்தக் கொக்கியில கட்டித் தூக்கச் சொல்லுங்க. எண்பது வேணாம். இருபது போதும்!"

ஹாரிங்கா சிரித்தான். "பெரியவருக்கு அதிர்ச்சியில..."

"நீ வாயை மூடு!"

நெல்லெகே ஒரு கணம் யோசித்தாள். பிறகு தலையசைத்தாள். உடலைப் படமெடுத்து அப்புறப்படுத்தியிருந்தார்கள். கூட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு இரண்டு காவலர்கள் புதுக் கயிறு போட்டு இழுத்தார்கள்.

சைக்கிள் எழுந்தது. முதல் மாடி...

இரண்டாம் மாடி...

மடேர்!

கொக்கி பிய்ந்தது! உத்தரம் இரண்டாகப் பிளந்தது! சைக்கிள் கல்தரையில் விழுந்து முன்சக்கரம் எட்டாக வளைந்தது.

கீழே விழுந்த உத்தரத் துண்டை லாம்பர்ட் எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். மெல்லிய பெட்டி. உள்ளே ஒன்றுமில்லை.

"ரூலஃப் சொன்னதுதான் நெசம்." குரல் உடைந்தது, முதுகு வளையவில்லை. "1893-ல என் தாத்தா வெச்ச வெத்து அலங்காரம். கொக்கி வெறும் ஆணியில நின்னுச்சு. இதுல பூனையைக்கூட இறக்க முடியாது!"

"அப்ப அந்தக் கயிறு..." நெல்லெகேயின் கண்கள் சுருங்கின.

"எங்க மேல பழி போட வெச்சது. கொக்கி தாங்கும்னு நம்பின ஒருத்தன் வெச்சது. இருபது வருஷம் ஏறாத மாடிக்கு நேத்து முதல் தடவையா ஏறினவன் வெச்சது!"

ஹாரிங்கா ஓர் அடி பின்வாங்கினான். இன்னோர் அடி...

"புடிங்க அவனை!" நெல்லெகே கத்தினாள்.

சங்க அலுவலகத்தின் பளிங்குத் தரை அப்போதுதான் கழுவப்பட்டிருந்தது. கதவிடுக்கில் மட்டும் ரத்தம் காயாமல் மிச்சமிருந்தது.

"இந்தத் தெருவுல பதினேழு வீட்டுக்குப் பொய்ச் சான்று கொடுத்திருக்கேன்னு ரூலஃப் கண்டுபிடிச்சுட்டான்..." ஹாரிங்கா உளறினான். "இன்னிக்கு எல்லாத்தையும் வெளியிடப் போறேன்னான். பேசலாம்னு விடியக்காலையில இங்க வரச் சொன்னேன்... காபிக்கடைச் சண்டையைக் கேள்விப்பட்டு, நேத்தே கயிறை மாட்டி வெச்சிருந்தேன்..."

தேயிஸின் விலங்கு கழன்றது. அப்பாவின் தோளைக் கட்டிக்கொண்டான்.

"வீட்டு மானத்தையே உடைச்சுட்டீங்களேப்பா..."

"போனாப் போகுது. வீடுதானே போலி? நீ அசல்டா!"

நெல்லெகே தன் சைக்கிளைத் தூக்கிப் பார்த்தாள். கைப்பிடி மட்டும் தனியாகக் கையோடு வந்தது.

"அதெல்லாம் சரி பெரியவரே... இப்ப நான் ஸ்டேஷனுக்கு எதுல போறது?"

லாம்பர்ட் வேனைக் கைத்தடியால் சுட்டினார்.

"அதோ, ஹாரிங்கா பக்கத்துல எடம் இருக்கு மேடம். முன்னூறு கிலோ தாங்குமான்னு மட்டும் அவன்கிட்ட கேட்டுறாதீங்க!"